ரெண்டாம் வருசத்தில கெமிஸ்ற்றிய விடலாமோ அக்கா?

விசுவமடுவில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. ஏ.எல் பயோ செய்து, மெடிசினுக்கு இஸட் ஸ்கோர் காணாமல் போக, கம்பஸில உயிரியல் விஞ்ஞானம் கிடைச்சு இப்ப முதலாம் வருசம் முடியிற கட்டத்தில நிக்கிறா. எந்தக் கம்பஸ் எண்டு போட வேண்டாமாம், சரி போடேல. கடிதம் நீளம், சுருக்கித் தாறன். முதலாம் வருசத்தில தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல் மூண்டும் செய்தவ. முதல் ரெண்டுக்கும் பி, பி பிளஸ் எண்டு வந்திருக்கு, கெமிஸ்ற்றியில ஒரு பாடத்துக்கு சி, இன்னொண்டுக்கு சி மைனஸ். படிச்ச பள்ளிக்கூடத்தில ஏ.எல்லுக்கு கெமிஸ்ற்றி ரீச்சர் கன காலம் இல்லையாம், சனி ஞாயிறில கிளிநொச்சிக்கு ரியூசனுக்கு ஓடித்தான் படிச்சவவாம், அதால அத்திவாரமே சரியில்லை எண்டு தானே சொல்லுறா. இப்ப ரெண்டாம் வருசத்துக்குப் பாடம் பதியோணும். கெமிஸ்ற்றிய விட்டிட்டு சுகமான பாடம் ரெண்டு மூண்டு எடுத்தா ஜிபிஏ, அதாவது எல்லாப் பாடத்தின்ர கிறேட்டுக்கும் சேத்து வாற சராசரிப் புள்ளி, ஏறும் எண்டு சீனியர்ஸ் சொல்லுகினமாம். ஸ்ராற்றிஸ்ரிக்ஸ் (புள்ளிவிபரவியல்) விருப்பப் பாடமாக் கிடக்கு, கணக்குப் பயத்தில அதையும் விட யோசனை. அம்மா மூண்டு வருசத்தில முடிச்சு வந்து ரீச்சராகு எண்டுறா, இவவுக்கு மூலக்கூற்று உயிரியலில ஸ்பெஷல், அதாவது நாலு வருசச் சிறப்புப் பட்டம், செய்ய ஆசை. கடைசியா லப்ரொப் பற்றியும் ஒரு கேள்வி.

தங்கச்சி, பயோ பிள்ளையளோட பாடத் தெரிவு பற்றிக் கதைக்கிறதே வேலையா எனக்குக் கன வருசம் போயிட்டுது, அதால சுத்தி வளைக்காமல் சொல்லுறன். கெமிஸ்ற்றிய விடாதீங்கோ. சி வந்தாலும் பரவாயில்லை, விடாதீங்கோ. ஸ்ராற்றிஸ்ரிக்ஸையும் எடுங்கோ. மிச்சப் பாடங்களில நீங்கள் எதை எடுத்தாலும் எதை விட்டாலும் நான் பெரிசா சண்டை பிடிக்க மாட்டன், ஏனெண்டா தாவரவியலிலயோ விலங்கியலிலயோ ஒரு பாடம் விட்டுப் போனா பிறகு லைப்ரரியில இருந்து வாசிச்சு எண்டாலும் பிடிச்சுக்கொள்ளலாம், இந்த ரெண்டையும் அப்பிடிப் பிறகு வந்து பிடிக்கிறது மகா கஷ்டம். ஒண்டுக்கு மேல ஒண்டா ஏறுற பாடம் அது, கீழ்ப்படி இல்லாமல் மேல்படிக்குப் பதியவும் விடமாட்டினம்.

உங்களுக்கு மூலக்கூற்று உயிரியல் எண்டா ஆசை எண்டு எழுதியிருக்கிறியள், அதே கடிதத்தில கெமிஸ்ற்றி வேண்டாம் எண்டும் எழுதியிருக்கிறியள். ரெண்டும் ஒரே நேரத்தில ஓடாது. பிசிஆர் எண்டு இப்ப கொரோனாவுக்குப் பிறகு எங்கட ஊரில சின்னப் பிள்ளைக்கும் தெரியும், டிஎன்ஏ துண்டைப் பல மடங்காக்கிற முறை. மெசினுக்குள்ள போறது ஒரு சின்னக் குழாய், அதுக்குள்ள 25 மைக்ரோலீற்றர் அளவில கலவை, அவ்வளவுதான். 95 பாகையில டிஎன்ஏயின்ர ரெண்டு இழையும் பிரியுது, பிறகு 50 இல இருந்து 65 க்குள்ள ஒரு வெப்பநிலைக்கு இறக்க பிறைமர் எண்ட சின்ன டிஎன்ஏத் துண்டு போய் ஒட்டுது, 72 இல நொதியம் புது இழைய நீட்டுது. இதைப் பாடமாக்கி எழுதிப் பாஸ் பண்ணலாம். ஆனா ஒரு நாள் நீங்கள் லாப்பில நிக்கேக்க, டிஎன்ஏ கோடாத் தெரிய வேண்டிய ஜெல்லில ஒண்டும் தெரியேல எண்டா என்ன செய்வியள்? அப்பதான் கெமிஸ்ற்றி வரும். குவானினும் சைற்றோசினும் மூண்டு ஐதரசன் பிணைப்பால பிடிச்சிருக்கு, அடினினும் தைமினும் ரெண்டால, அப்ப குவானின் சைற்றோசின் கூடின பிறைமருக்கு ஒட்டுற வெப்பநிலை கூட வேணும். மக்னீசியம் அயன் கூடினா பிறைமர் தேவையில்லாத இடத்திலயும் போய் ஒட்டி ஜெல்லில கண்ட கண்ட கோடு வரும், குறைஞ்சா நொதியம் வேலையே செய்யாது. பஃபரின்ர பிஎச் மாறினாலும் கதை முடிஞ்சுது. இது எல்லாம் முதலாம் ரெண்டாம் வருசக் கெமிஸ்ற்றிதான், வேற ஒண்டும் இல்லை.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம், கரைசல் தயாரிக்கிறதைப் பாருங்கோ. 1 மோலார் கரைசல் போத்தலில இருக்கு, 0.1 மோலாரில 250 மில்லிலீற்றர் வேணும். 25 மில்லிலீற்றர் எடுத்து, மொத்தம் 250 ஆகும் வரைக்கும் தண்ணி விட்டு நிரப்போணும். ஏ.எல் கணக்கு. மூண்டாம் வருசத்தில பயோக்கெமிஸ்ற்றி பிரக்டிகலுக்கு வாற பிள்ளையளில இந்த இடத்தில பக்கத்தில நிக்கிறவையின்ர முகத்தைப் பாக்கிற ஆக்கள் நிறையப் பேர், அதில முக்கால்வாசி கெமிஸ்ற்றிய இடையில விட்டு வந்தவை. உடன 250 மில்லிலீற்றர் தண்ணிய அளந்து வைச்சிட்டு அதுக்குள்ள 25 ஐ ஊத்துவினம், பிறகு செறிவு பிழைக்கும், வாசிப்பு பிழைக்கும், ரிப்போட்டில நொதியத்தைக் குற்றம் சொல்லுவினம்.

சரி, சி மைனஸை என்ன செய்யிறது? ரிப்பீட் எழுதட்டோ எண்டு கேட்டிருந்தியள். முதல் உங்கட ஹான்ட்புக்கில விதியப் பாருங்கோ, பொதுவா எங்கட கம்பஸுகளில ரிப்பீட்டில எவ்வளவு வெளுத்து வாங்கினாலும் ஆகக்கூடின கிறேட் சி தான். சி மைனஸுக்கு 1.7, சிக்கு 2.0. அந்தப் பாடம் 2 கிறெடிட் (பாடத்தின்ர பாரத்தைக் காட்டுற அலகு) எண்டா உங்களுக்குக் கிடைக்கிறது 0.6 புள்ளி, வருசத்துக்கு 30 கிறெடிட் எண்டு பாத்தா ஜிபிஏ ஏறுறது வெறும் 0.02. அந்த 0.02 க்காக ரெண்டாம் வருசப் பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தைக் குடுக்கிறது எனக்குச் சரியாப் படேல. ஒரேயொரு காரணத்துக்காக எழுதலாம், அதாவது ஸ்பெஷலுக்கு எடுபட அந்தப் பாடத்தில குறைஞ்சது சி வேணும் எண்டு உங்கட டிப்பார்ட்மென்ட் கேட்டா, அல்லது மேல வாற ஒரு பாடத்துக்கு அது முன்தேவையா இருந்தா. அப்பிடி எண்டா யோசிக்காமல் எழுதுங்கோ. இல்லாட்டி அதை அப்பிடியே விட்டிட்டு அடுத்த பாடத்தில பி எடுக்கப் பாருங்கோ, அது பெரிய லாபம்.

உங்களுக்கு விழுந்தது பௌதீக இரசாயனத்தில எண்டு எழுதினது நல்லது, ஏனெண்டா சேதன இரசாயனம் ஓரளவு பிடிபடுது எண்டா பயோவுக்கு அதுதான் கூட உதவும். வெப்ப இயக்கவியல் சமன்பாடு பாத்துப் பயப்பிடுறது உங்களுக்கு மட்டும் இல்லை, முழு பயோ பெட்ச்சுக்கும் வாற வருத்தம். அதுக்கு என்ர வைத்தியம் பழைய பேப்பர். நோட்ஸை நாலு தரம் வாசிக்கிறதிலும் பாக்க கடந்த அஞ்சு வருசப் பேப்பரை கையால செய்து பாக்கிறது மேல், பாத்து வாசிக்கிறது இல்லை, செய்யிறது. குப்பி, அதாவது சீனியர்ஸ் நடத்துற வகுப்பு, நடந்தா போங்கோ, ஆனா குப்பிக்கு முதல் அந்தக் கணக்கை ஒருக்கா நீங்களே முயற்சி செய்து எங்க நிக்குது எண்டு தெரிஞ்சுகொண்டு போங்கோ, இல்லாட்டி அண்ணா போர்ட்டில செய்யேக்க எல்லாம் விளங்கின மாதிரி இருக்கும், றூமுக்கு வந்தா ஒண்டும் இருக்காது.

இப்ப சீனியர்ஸின்ர சுகமான பாடக் கதைக்கு வாறன். அவை கெட்டது நினைச்சுச் சொல்லேல, ஆனா கணக்கைப் பாக்காமல் சொல்லுகினம். 1 கிறெடிட் பாடம் ஒண்டில ஏ எடுக்கிறியள் எண்டு வையுங்கோ, 4 புள்ளி. 3 கிறெடிட் பாடத்தில சி பிளஸ், 2.3 ஐ மூண்டால பெருக்க 6.9. கூட்டி நாலால பிரிச்சா 2.73 தான். இப்ப அதே ஆள் சின்னப் பாடத்தில பி மட்டும் எடுத்து, மிஞ்சின நேரத்தைப் பெரிய பாடத்தில போட்டு ஒரேயொரு படி ஏறி பி மைனஸ் எடுத்தா 3 உம் 8.1 உம், 11.1, நாலால பிரிக்க 2.78. ஏ ஒண்டைப் பறிகுடுத்தும் ஜிபிஏ கூடிப்போச்சு. ஏ வந்த படத்தை வட்ஸ்அப்பில போடலாம் எண்டுறதைத் தவிர அந்தச் சுகமான பாடத்தால கிடைக்கிறது கொஞ்சம்தான்.

இன்னொண்டும் இருக்கு. ஸ்பெஷலுக்கு ஆள் எடுக்கேக்க மொத்த ஜிபிஏய மட்டும் பாக்கிறேல, அந்தப் பாடத்தில என்ன எடுத்தியள், கேட்ட பாடங்களை எல்லாம் செய்திருக்கிறியளோ எண்டும் பாப்பினம். சுகமான பாடமாப் பொறுக்கி 3.4 வைச்சிருந்தும் ஒரு கட்டாயப் பாடம் இல்லாததால எடுபடாமல் போன பிள்ளையள் ஒவ்வொரு பெட்ச்சிலயும் இருக்கினம், அந்த நேரம் வந்து என்னட்டை அழுதா நான் ஒண்டும் செய்யேலாது.

வகுப்பு எல்லை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், தெரியாட்டி: 3.70 முதலாம் வகுப்பு, 3.30 ரெண்டாம் வகுப்பு மேல், 3.00 ரெண்டாம் வகுப்பு கீழ். உங்கட முதலாம் வருசம் 2.8 அளவில முடியும் எண்டு நீங்கள் போட்ட கணக்கு சரியெண்டா, ரெண்டாம் வருச முடிவில 3.0 க்கு வர ரெண்டாம் வருசத்தில 3.2 எடுக்கோணும். பி பிளஸும் பியும் கலந்து. செய்யக்கூடினது, ஆனா நித்திரை கொண்டு செய்யக்கூடினது இல்லை.

ஸ்ராற்றிஸ்ரிக்ஸ் பற்றிக் கொஞ்சம் கூடக் கதைக்கப் போறன், ஏனெண்டா இதை விடுறவை என்னத்தை விடுறம் எண்டே தெரியாமல் விடுகினம். இரணைமடுத் தண்ணி பாயிற வட்டக்கச்சிப் பக்கம் ரெண்டு வயலை எடுப்பம். ஒரு வயலுக்கு இயற்கைப் பசளை, மற்றதுக்கு யூரியா. ஒவ்வொண்டிலயும் 30 நெற்பயிர் எடுத்து உயரம் அளந்து, 30 க்கு 30 எண்டு ரீ ரெஸ்ற் (ரெண்டு சராசரியை ஒப்பிடுற சோதனை) போட்டு, பீ பெறுமானம், அதாவது வித்தியாசம் இல்லாட்டியும் தற்செயலா இப்பிடி வாற நிகழ்தகவு, 0.05 இலும் குறைய வந்திட்டுது, ஆகவே பசளையால வித்தியாசம் இருக்கு எண்டு ஒரு புறொஜெக்ற் ரிப்போட் வரும். கிராஃப் எல்லாம் கலரில, பாக்க நல்ல வடிவு. ஆனா அதில பசளைக்கு மாதிரி 30 இல்லை, ஒண்டே ஒண்டுதான், ஏனெண்டா பசளை போட்டது பயிருக்கு இல்லை, வயலுக்கு. ஒரு வயல் வாய்க்கால் வாயோட இருக்கலாம், மற்றது கடைக்கோடியில தண்ணி பிந்திப் போற இடமா இருக்கலாம், விதைச்ச நாள் ஒரு கிழமை முந்திப் பிந்தி இருக்கலாம், முதல் போகத்தில ஆர் என்ன போட்டவையோ தெரியாது. உயரம் கூடினது பசளையாலயோ வயலாலயோ எண்டு அந்தத் தரவை வைச்சு ஆராலயும் பிரிக்க ஏலாது, எந்த சொஃப்ற்வெயராலயும் ஏலாது. ஹேல்பேர்ட் எண்ட சூழலியலாளர் 1984 இலயே இந்தப் பிழையப் பற்றி நீளமா எழுதி, பேர் பெற்ற சஞ்சிகையளில வந்த ஆய்வுகளிலயே இது கிடக்கு எண்டு காட்டினவர், இண்டைக்கும் பிள்ளையள் அதையே செய்துகொண்டு வருகினம்.

இதைத் திருத்த கூடக் காசு வேண்டாம். அதே 60 பயிர்தான். ரெண்டு வயலுக்குப் பதிலா பத்து வயல் பாருங்கோ, ஒவ்வொரு பசளைக்கும் அஞ்சு, வயலுக்கு 6 பயிர் அளந்து சராசரி எடுங்கோ, இப்ப உங்களிட்டை பசளைக்கு அஞ்சு உண்மையான மாதிரி இருக்கு. அளக்கிற வேலை அதே அளவு, சைக்கிள் மட்டும் கொஞ்சம் கூட ஓடோணும். இப்பிடி யோசிக்கப் பழக்கிறதுதான் அந்தப் பாடம். உங்கட அப்பா வயல் செய்யிறவர் எண்டு எழுதியிருக்கிறியள், அவரைக் கேட்டுப் பாருங்கோ, ரெண்டு வயலை ஒப்பிடேலாது எண்டு அவர் ஸ்ராற்றிஸ்ரிக்ஸ் படிக்காமலே சொல்லுவார்.

கணக்குப் பயம் எண்டுறியள், பயோவுக்கு வாற ஸ்ராற்றிஸ்ரிக்ஸில தொகையீடு வகையீடு எண்டு பெரிசா ஒண்டும் வராது. சராசரி, நியம விலகல், நிகழ்தகவு கொஞ்சம், பிறகு எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை எண்டு தெரியுறது. கணக்குப் போடுறது கொம்பியூட்டர். ஆர் (R) எண்டு ஒரு மென்பொருள், சும்மா இறக்கலாம், காசில்லை, உலகம் முழுக்க பயோக்காரர் அதைத்தான் பாவிக்கினம். ரெண்டாம் வருசத்திலயே அதில கை பழகினா இறுதி வருசத்தில உங்கட பெட்ச் முழுக்க உங்கட றூம் வாசலில நிக்கும்.

நேரக் கணக்கு. இதை ஒருத்தரும் பாடம் பதியேக்க பாக்கிறேல. இலங்கையில தகைமைச் சட்டகத்தின்ர படி 1 கிறெடிட் எண்டா 50 மணித்தியாலப் படிப்பு, லெக்சர், பிரக்டிகல், றூமில இருந்து படிக்கிறது, பரீட்சை எல்லாம் சேத்து. செமஸ்ரருக்கு 15 கிறெடிட் எண்டா 750 மணித்தியாலம், 15 கிழமைக்குப் பிரிச்சா கிழமைக்கு 50. திங்கள் தொடங்கி வெள்ளி மட்டும் எண்டா நாளுக்கு 10 மணித்தியாலம். இப்ப நீங்கள் ஒவ்வொரு வெள்ளி பின்னேரமும் பஸ் ஏறி, ஏ9 ஆல வந்து பரந்தனில இறங்கி, முல்லைத்தீவு றோட் பஸ் பிடிச்சு விசுவமடுவுக்குப் போய், ஞாயிறு பின்னேரம் திரும்பி வாறியள் எண்டா ரெண்டு அரை நாள் றோட்டில போகுது. வீட்டுச் சாப்பாடு வேண்டாம் எண்டு நான் சொல்லேல. இன்கோர்ஸ் (செமஸ்ரருக்கு இடையில வைக்கிற பரீட்சை) வாற கிழமையளில மட்டும் நில்லுங்கோ, மற்றக் கிழமை போங்கோ, அம்மாவுக்கு முதலே திகதியச் சொல்லி வைச்சா சண்டை வராது.

பிரக்டிகல் பாடம் சேர்க்கேக்க இன்னும் கவனம். தாவரவியல் பிரக்டிகல் வரையிற வேலை, விலங்கியலும் வரையிற வேலை, கெமிஸ்ற்றி ரிப்போட் கணக்கு வேலை. மூண்டும் ஒரே செமஸ்ரரில வந்தே தீரும், சரி, ஆனா விருப்பப் பாடத்தைத் தெரியேக்க நாலாவதா இன்னொரு பிரக்டிகல் உள்ள பாடத்தை இழுத்துப் போடாதீங்கோ, தியறி மட்டும் உள்ளதா எடுங்கோ, ஸ்ராற்றிஸ்ரிக்ஸ் அதுக்கு நல்லாப் பொருந்தும். பிரக்டிகல் ரிப்போட்டை அண்டண்டே எழுதி முடியுங்கோ. நுணுக்குக்காட்டியில பாத்த குறுக்குவெட்டை அண்டைக்கு இரவே வரைஞ்சா கண்ணுக்குள்ள நிக்கிறதை வரைவியள், நாலு நாள் கழிச்சு வரைஞ்சா பக்கத்துப் பிள்ளையின்ர கொப்பியில உள்ளதை வரைவியள், பிரக்டிகலைப் பாக்கிற டெமோக்கு அது பாத்த உடன விளங்கும். வரவு 80 வீதம் எண்டதையும் மறந்து போகாதீங்கோ, பிரக்டிகலுக்கு அதில விளையாட விடமாட்டினம்.

ஸ்பெஷலோ ஜெனரலோ எண்டதுக்கு இப்ப விடை வேண்டாம். பொதுவா ரெண்டாம் வருச முடிவிலதான் ஸ்பெஷலுக்குத் தெரிவு, அதுவும் டிப்பார்ட்மென்ட் எடுக்கிற ஆக்கள் கொஞ்சம். ஜெனரல் மூண்டு வருசம், 90 கிறெடிட். ஸ்பெஷல் நாலு வருசம், 120 கிறெடிட், கடைசி வருசத்தில ஒரு ஆய்வு. ஆராய்ச்சிப் பக்கம் போக, எம்ஃபில் பிஎச்டி எண்டு நேர பதிய ஸ்பெஷல்தான் வசதி. விவசாயத் திணைக்களம் மாதிரி இடங்களில ஆராய்ச்சி உத்தியோகத்தர் வேலைக்கும் அப்பிடித்தான் கேப்பினம். ஆனா ஜெனரல் செய்தவைக்கு எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைக்க வேண்டாம், பேராதனையில விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனத்தில செய்யிற மாதிரி எம்எஸ்சி ஒண்டு செய்து சுத்திப் போய்ச் சேந்த ஆக்கள் கனபேர். கொஞ்சம் கூடக் காலமும் காசும் போகும்.

அம்மா சொல்லுறதை நான் தட்டிக் கழிக்க மாட்டன். வீட்டில தம்பியும் படிக்கிறான், ஒரு சம்பளம் ஒரு வருசம் முந்தி வாறது சின்ன விசயம் இல்லை. ஆனா ஒண்டைக் கவனியுங்கோ, அம்மா சொல்லுற வழிக்கும் கெமிஸ்ற்றி வேணும். தாவரவியலும் விலங்கியலும் மட்டும் வைச்சிருக்கிற ரீச்சர் ஏ.எல்லுக்கு பயோ மட்டும்தான் படிப்பிக்கலாம். கெமிஸ்ற்றியும் பட்டத்தில இருந்தா ரெண்டு பக்கமும் நிக்கலாம். நீங்கள் கிளிநொச்சிக்கு ரியூசனுக்கு ஓடினதே கெமிஸ்ற்றி படிப்பிக்க ஆள் இல்லாமல்தானே, உங்கட பள்ளிக்கூடத்தில அந்தக் கதிரை இப்பவும் வெறுமையாத்தான் கிடக்கும் எண்டு நினைக்கிறன். ஆக அம்மாவோட இப்ப வாதாட ஒண்டும் இல்லை. ரெண்டாம் வருசத்தில ரெண்டு பேரின்ர விருப்பத்துக்கும் ஒரே பாடங்கள்தான், மிச்சத்தை றிசல்ட் வந்த பிறகு கதையுங்கோ.

மூலக்கூற்று உயிரியல் மட்டும்தான் படிப்பு, மற்றதெல்லாம் பழசு எண்டு ஒரு எண்ணம் உங்கட கடிதத்தில தெரியுது. எனக்கு அதில உடன்பாடில்லை. ஜீன் பாக்கிற லாப் கொழும்பிலயும் இருக்கு, பேராதனையிலயும் இருக்கு, வெளிநாட்டிலயும் இருக்கு, போய்ப் படிக்கலாம். ஆனா சுண்டிக்குளமும் நந்திக்கடலும் இரணைமடுவும் வவுனிக்குளமும் இங்கதான் கிடக்கு. சுண்டிக்குளம் 2015 இல தேசிய பூங்கா ஆனது, மன்னாரில வங்காலை 2010 இல இருந்து ராம்சார் எண்ட சர்வதேசப் பட்டியலில உள்ள ஈரநிலம், கண்டல் காடு, கடல் அட்டை, நண்டு, வயலுக்குள்ள வாற யானை எண்டு ஆய்வுக்கு விசயம் வீட்டு வாசலில நிக்குது, அதைச் செய்ய ஊர்ப் பாசை தெரிஞ்ச, மீனவரோட வாடியில இருந்து கதைக்கக் கூடின ஆக்கள்தான் காணாது. அதால விருப்பப் பாடத்தில சூழலியலோ நீர்வாழ் உயிரியலோ ஒண்டு வைச்சிருங்கோ. மூலக்கூற்றுப் பக்கம் போனாலும் அது வீண்போகாது, குளத்து மீனின்ர டிஎன்ஏ எடுக்கிறதுக்கும் முதல் குளம் தெரிஞ்சிருக்கோணும்.

கள ஆய்வு செய்யிற எண்ணம் வந்தா காலத்தைப் பாத்துத் திட்டம் போடுங்கோ. வலசைப் பறவையள் மழையோட வந்து பங்குனி அளவில போயிடும், செமஸ்ரர் சித்திரையில துவங்குது எண்டு அப்ப சுண்டிக்குளத்தில பறவை எண்ணப் போறன் எண்டு எழுதிக் குடுத்தா அங்க நிக்கிற காகத்தைத்தான் எண்ணலாம். குளத்துத் தண்ணி ஆய்வு எண்டா மாரியில ஒருக்கா, ஆவணியில தண்ணி வத்தேக்க ஒருக்கா எண்டு ரெண்டு தரம் எடுத்தாத்தான் கதை இருக்கும், அப்ப அதுக்கு முந்தின வருசமே சுப்பவைசரோட கதைக்கோணும். பூங்காவுக்குள்ள போக வனஜீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதி வேணும், அது வரச் சுணங்கும். பிறகு இன்னொண்டு, வன்னிப் பிள்ளை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனா தெற்கில இருந்து வாற உங்கட பெட்ச் பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ: வெடிபொருள் போர்ட் நட்ட இடத்துக்குள்ள ஒரு செடிக்காகவும் கால் வைக்கிறேல.

இங்கிலிஸ் பற்றி ரெண்டு வரி எழுதியிருந்தியள். தமிழில ஏ.எல் செய்து வந்த எல்லாருக்கும் முதல் வருசம் உந்தத் தடக்கல்தான், ரெண்டாம் வருசம் பாதியில குறைஞ்சிடும். பிரக்டிகல் ரிப்போட்டை ஆரின்ரையும் பாத்து எழுதாமல் நாலு வரி எண்டாலும் சொந்தமா எழுதுங்கோ, அது காணும். கிளாஸில கேள்வி கேக்கக் கூச்சம் எண்டா முடிஞ்ச பிறகு லெக்சரரிட்டைப் போய்த் தமிழில கேளுங்கோ, தமிழ் தெரிஞ்ச லெக்சரர் ஒருத்தரும் அதுக்காக அடிக்க மாட்டினம்.

பதியிறதுக்கு முதல் ஒரு வேலை செய்யுங்கோ. ஹான்ட்புக்கை எடுத்து மூண்டாம், நாலாம் வருசப் பாடங்களில உங்களுக்கு விருப்பமான அஞ்சாறைக் குறிச்சு, ஒவ்வொண்டுக்கும் முன்தேவை எண்டு என்ன பாடக் குறியீடு போட்டிருக்கு எண்டு பாருங்கோ. பிறகு அந்த முன்தேவைக்கு என்ன முன்தேவை எண்டு பின்னால வாங்கோ. ஒரு ஏ4 தாளில அம்புக்குறி போட்டு வரைஞ்சா ஒரு இரவில முடியும். ரெண்டாம் வருசத்தில எதை விடேலாது எண்டு அந்தத் தாளே சொல்லும், அதில பத்துக்கு எட்டுத் தரம் கெமிஸ்ற்றியும் பிறப்புரிமையியலும் நிக்கும். அந்தத் தாளோட உங்கட அக்கடமிக் அட்வைசரிட்டைப் போங்கோ. வெறுங்கையோட போய் என்ன எடுக்கட்டும் சேர் எண்டா அவர் என்ன சொல்லுவார், தாளோட போனா இந்தப் பாடம் இந்த வருசம் நடக்காது, லெக்சரர் லீவில எண்டு உங்களுக்குத் தெரியாத விசயம் எல்லாம் வரும். பாடம் மாத்துறதுக்கு செமஸ்ரர் துவங்கின பிறகும் கொஞ்ச நாள் விடுவினம், அந்தத் திகதிய போனில போட்டு வையுங்கோ, அது தாண்டினா டீனுக்குக் கடிதம், அலைச்சல், வேண்டாம்.

லப்ரொப்புக்கு வாறன். காலபோக நெல் வித்து ரெண்டு லட்சத்துக்கு மேல ஒண்டு வாங்கித் தாறன் எண்டு அப்பா சொன்னவர் எண்டு எழுதியிருக்கிறியள். அவ்வளவு வேண்டாம் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ. உங்கட வேலைக்கு ரிப்போட் ரைப் பண்ணோணும், கிராஃப் கீறோணும், ஆர் ஓடோணும், பிடிஎஃப் வாசிக்கோணும். 8 ஜிபி ரம்மும் எஸ்எஸ்டியும் உள்ள நல்ல செக்கன்ட் ஹான்ட் ஒண்டு இதுக்குத் தாராளம், பற்றறி எவ்வளவு நேரம் நிக்குது எண்டு கடையிலயே போட்டுப் பாத்து வாங்குங்கோ. அதுவும் இப்பவே அவசரப்பட வேண்டாம், ஸ்ராற்றிஸ்ரிக்ஸ் பாடம் துவங்கிற செமஸ்ரருக்கு வாங்கினாக் காணும், அதுவரைக்கும் லைப்ரரியில இருக்கிற கொம்பியூட்டர் சும்மாதானே கிடக்குது.